பெயர் மாறிய புட்டி

சென்ற சித்திரையில் ஒரு நாள், என் இரு சக்கர வண்டியைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுப் பட்டறை வாசலில் கிடந்த பலகையில் உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில். தொண்டை வறண்டுவிட்டது. பலகையின் ஓரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி பாதி நிரம்பி நின்றது. கடைகளில் விற்கிறார்களே, அதே குடிநீர்ப் புட்டிதான். அதைச் சுற்றி ஒட்டியிருந்த நீல நிறச் சீட்டுகூடக் கிழியாமல் இருந்தது. எடுத்து மூடியைத் திருகினேன். வண்டிக்கு அடியில் வேலையாக இருந்த இளைஞர் எழுந்து ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், சார், அது தின்னர் சார்!"

"ஏன் தம்பி, தண்ணீர்ப் புட்டியிலா தின்னரை வைப்பது?"

"பெரிய டின்னுல இருந்து கொஞ்சமா ஊத்தி வெச்சோம் சார். இங்க எல்லாருக்கும் தெரியும்."

அந்த "எல்லாருக்கும்" என்ற சொல்லில் நான் அடங்கவில்லை. பட்டறைக்கு வருகிற வேறு எவரும் அடங்கவில்லை. புட்டியை முகத்தருகே கொண்டுபோயிருந்தால் தின்னரின் நெடி காட்டிக் கொடுத்திருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் தாகம் எடுத்தவன் முகர்ந்து பார்த்துவிட்டா குடிக்கிறான்? அதோடு, நெடியால் தன்னைக் காட்டிக் கொடுக்காத திரவங்களும் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எங்கள் கள்ளக்குறிச்சியில் அதன் பெயரை இன்று சிறு பிள்ளைகளும் அறிவார்கள். அது மெத்தனால்.

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில், பிளாஸ்டிக் பைகளில் அடைத்து விற்கப்பட்ட சாராயத்தைக் குடித்தவர்கள் வரிசையாக விழத் தொடங்கினார்கள். வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல். கள்ளக்குறிச்சி மருத்துவமனை நிரம்பி, சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என்று அனுப்பினார்கள். 200-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் பாடைகள் கட்டப்பட்டதை ஊர் பார்த்தது. சோதனையில் அந்தச் சாராயத்தில் மெத்தனால் இருப்பது தெரியவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே மாதத்தில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் இதே மெத்தனால்தான்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். "கல்வராயன் மலையில் காய்ச்சிய சரக்கு பக்குவம் தப்பிவிட்டது, அதனால் விஷமாகிவிட்டது" என்று பலர் நினைக்கிறார்கள். மலையில் வெல்லம், வேலம்பட்டை, கடுக்காய் இவற்றைப் போட்டு ஊறல் வைத்து மறைவாகக் காய்ச்சுவதும், காவல் துறையினர் ஏறிச் சென்று அந்த ஊறலைக் கொட்டி அழிப்பதும் நெடுங்காலமாக நடந்து வருவது. அது சட்டத்துக்கு மாறானது, உடலுக்குக் கெடுதல். ஆனால் வெல்லம் நொதித்தால் உண்டாவது எத்தனால். பழத்தோல், மரப்பட்டை இவற்றிலுள்ள பெக்டின் என்னும் பொருளிலிருந்து சிறிதளவு மெத்தனாலும் வரும். அவ்வளவே. ஒரு தெருவையே சாய்க்கும் அளவு மெத்தனால் ஊறல் பானையில் பிறப்பதில்லை. அது தொழிற்சாலையில் பிறந்து, பீப்பாயில் ஏறி, எங்கோ வழி மாறி வந்தது. பீப்பாயின் மேல் ஒரு பெயர் இருந்திருக்கும். பிளாஸ்டிக் பையின் மேல் எந்தப் பெயரும் இல்லை.

கண்ணும் மூக்கும் கருவியும்

மெத்தனாலின் வரலாறு சுவையானது. 1661-இல் ராபர்ட் பாயில், மரத்தைக் காற்றில்லாமல் சூடாக்கி வடித்து இத்திரவத்தைப் பிரித்தார். அதனால் இதற்கு மரச்சாராயம் என்ற பெயரும் உண்டு. 1834-இல் தூமா, பெலிகோ என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர் இதன் இயைபைக் கண்டறிந்து, கிரேக்க மொழியின் 'மெத்தி', 'ஹியூலே' என்ற இரு சொற்களை இணைத்துப் பெயர் சூட்டினர். முதற்சொல்லுக்கு மது என்று பொருள். வடமொழி 'மது'வும் அதுவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இரண்டாவது சொல்லுக்கு மரம் என்று பொருள். மரமது! பெயரிலேயே குழப்பம் தொடங்கிவிட்டது பாருங்கள். 1923 முதல் ஜெர்மனியில் வாயுக்களைச் சேர்த்துப் பெருமளவில் செய்யத் தொடங்கினர். அதன் பிறகு மரம் தேவைப்படவில்லை.

மெத்தனால் மூலக்கூறில் ஒரு கார்பன் அணு, எத்தனாலில் இரண்டு. வேறுபாடு அவ்வளவுதான். இரண்டையும் எப்படி இனம் காண்பது? நான் இயற்பியல் ஆசிரியன்; எனக்குத் தெரிந்த கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன்.

கண்ணுக்கு இரண்டும் தண்ணீர் போல. மூக்குக்கும் ஏறக்குறைய ஒரே மணம். கொளுத்திப் பார்த்து, நீலமாக எரிந்தால் நல்லது என்று சொல்வார்கள். இதை நம்பி ஏமாந்தவர்கள் பலர். மெத்தனாலும் வெளிறிய நீலமாகத்தான் எரியும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. சரி, திரவமானியை மிதக்க விடுவோம். 20 டிகிரி செல்சியசில் எத்தனாலின் அடர்த்தி 0.789, மெத்தனாலின் அடர்த்தி 0.791. தண்ணீர் கலந்து எடைக்கு 40 சதவீதக் கரைசலாக்கினால் இரண்டும் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.93 கிராம். திரவமானி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கும்.

ஒளிவிலகல் எண் கொஞ்சம் உதவும். எத்தனாலுக்கு 1.361, மெத்தனாலுக்கு 1.329, அதாவது தண்ணீரின் 1.333-க்கு மிக அருகில். ஆனால் தண்ணீர், எத்தனால், மெத்தனால் மூன்றும் கலந்திருந்தால் ஒளிவிலகல் எண் மட்டும் போதாது. அடர்த்தியையும் சேர்த்து அளக்க வேண்டும். தெரியாத கணியங்கள் இரண்டு, எனவே சமன்பாடுகளும் இரண்டு வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்குத்தான். வேதியியல் சோதனைச்சாலையில் குரோமோட்ரோப்பிக் அமிலம் கொண்டு ஊதா நிறம் வரவழைத்தும் கண்டுபிடிப்பார்கள். விடியற்காலையில் கூலி வேலைக்குப் போகும் முன் ஒரு பை வாங்குகிறவரிடம் இதில் எந்தக் கருவி இருக்கிறது?

நாக்கும் ஏமாந்த பின், உடலே சோதனைச்சாலை ஆகிறது. கல்லீரலிலுள்ள ஒரு நொதி மெத்தனாலை முதலில் ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது, அது பின்னர் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த அமிலம்தான். ஆக, நஞ்சு புட்டியில் இருப்பதைவிட உடலுக்குள் தயாராவதே பெரிது. இந்த அமிலம் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. ஓயாமல் ஆற்றல் வேண்டும் பார்வை நரம்பு முதலில் அடிபடுகிறது. 10 மில்லிலிட்டர் மெத்தனால் பார்வையைப் பறிக்கலாம், 30 மில்லிலிட்டர் உயிரைப் பறிக்கலாம் என்று மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன.

இதில் கொடுமை என்னவென்றால் கால தாமதம். மாற்றம் மெல்ல நடப்பதால், கடுமையான அறிகுறிகள் தெரியப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகிறது. கூட எத்தனாலும் இருந்தால் நொதி அதையே முதலில் பிடித்துக்கொள்ளும், மெத்தனால் காத்திருக்கும். தாமதம் இன்னும் நீளும். காலையில் ஒருவர் குடித்தது மாலையில் இன்னொருவருக்கு எச்சரிக்கை ஆவதில்லை. அதற்குள் அதே சரக்கு பல கைகளுக்குப் போய்விடுகிறது. நொதியை மறித்து நிறுத்தும் ஃபோமெபிசோல் என்ற மருந்தும், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிசும் உண்டு. ஆனால் மருத்துவருக்கு, உள்ளே போனது இன்னதென்று தெரிய வேண்டும்.

அப்படியானால் இப்படிப்பட்ட பொருளை ஏன் வைத்துக்கொண்டிருக்கிறோம்? ஒழித்துவிடக் கூடாதா? என் மாணவர்கள் கேட்ட கேள்வி இது. முடியாது. பிளைவுட் பலகையை ஒட்டும் பிசின், வண்ணப்பூச்சு, மருந்துத் தொழில், சில வகைத் தின்னர் எல்லாவற்றுக்கும் மெத்தனால் வேண்டும். மைனஸ் 97 டிகிரி வரை உறையாது என்பதால், குளிர் நாடுகளில் காரின் முன்கண்ணாடியைக் கழுவும் நீரிலும் இதைக் கலந்து வந்தார்கள். தேவையான நஞ்சு என்று ஒன்று உண்டு. வாகனப் பட்டறையைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும்: பேட்டரித் திராவகம், பிரேக் திரவம், கார்பரேட்டர் கழுவும் திரவம், ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட். கூலண்டிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

புலன்களால் காண முடியாததைக் காக்க மனிதனிடம் இருப்பவை இரண்டே. ஒன்று, கலத்தின் மேல் ஒட்டிய லேபிள். மற்றொன்று, கடையில் எழுதும் பதிவேடு.

எண்ணும் எழுத்தும்

எங்கள் ஊரை ஒட்டிச் செல்லும் சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் டேங்கர் லாரிகள் போவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் பின்புறமும் பக்கங்களிலும் ஒரு பலகை, அதில் நான்கு இலக்க எண். வண்டி எண் என்று நினைத்து விட்டுவிடுவோம். அது ஐக்கிய நாடுகள் அமைப்பு அபாயகரமான பொருள்களுக்குக் கொடுத்துள்ள எண். பொருளின் பெயர், ஆபத்தின் வகையைக் காட்டும் படம், அவசரத்துக்கு அழைக்கத் தொலைபேசி எண் ஆகியவற்றோடு இதையும் காட்ட வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. 1202 என்றால் டீசல். 1203 என்றால் பெட்ரோல். 1075 சமையல் எரிவாயு. 1230? அதுதான் மெத்தனால். 1203-இன் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் பெட்ரோல் மெத்தனாலாகிவிடும்! விபத்து நடந்த இடத்தில் எண்ணைப் படிப்பவர் நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. எத்தனாலுக்கு எண் 1170.

போபாலில் 1984 டிசம்பரில் நச்சு வாயு ஊரைக் கொன்றபோது, என்ன வாயு, என்ன மருந்து என்று தெரியாமல் மருத்துவர்கள் தவித்தார்கள். அதன் பின்னே 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1989-இல் அபாயகரமான வேதிப்பொருள்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி பற்றிய விதிகளும் வந்தன. கலம் ஒவ்வொன்றின் மேலும் உள்ளே இருப்பது என்ன, செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் யார், எங்கிருப்பவர், அப்பொருளின் தன்மையும் நச்சும் என்ன என்று எழுதியிருக்க வேண்டும் என்கின்றன அவ்விதிகள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு? அதற்காகவே மண்டையோடு, தீச்சுடர் போன்ற படங்கள். உலகமெங்கும் ஒரே மாதிரியான படங்கள் வேண்டும் என்று ஐ.நா. ஒரு முறையை 2003-இல் வெளியிட்டது. சிவப்பு விளிம்புச் சாய்சதுரத்துக்குள் கறுப்புப் படம். மெத்தனால் புட்டியில் சுடர், மண்டையோடு, மார்பில் நட்சத்திரம் வெடித்தது போன்ற மனித உருவம் என மூன்றும் இருக்கும்.

பதிவேட்டின் கதை இன்னும் பழையது. நச்சுப் பொருள்களின் விற்பனைக்கு உரிமம் வைத்து ஒழுங்குபடுத்த மாகாணங்களுக்கு அதிகாரம் தரும் நச்சுப்பொருள் சட்டம் 1919-இலேயே வந்துவிட்டது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், திராவக வீச்சுக்கு ஆளான ஒரு பெண் தொடுத்த வழக்கில், திராவகம் விற்பவர் வாங்குபவரின் பெயர், முகவரி, அளவு, காரணம் இவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அடையாள அட்டை பார்க்க வேண்டும், 18 வயது நிரம்பாதவருக்குக் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. கள்ளக்குறிச்சிச் சம்பவத்துக்குப் பின் 2024-இல் தமிழக அரசு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கடுமையாக்கியது. நல்லதுதான். ஆனால் தண்டனை இறப்புக்குப் பின் வருவது. பதிவேடு இறப்புக்கு முன் வரவேண்டியது.

ஒரு பதிவேடு எப்படிப் பாதுகாப்பாகும் என்று கேட்பீர்கள். பொருண்மை அழிவின்மை விதியைப் படித்திருக்கிறீர்கள் அல்லவா? பதிவேடு என்பது அதே விதியைத் தாளில் எழுதியது. ஒரு கடையில் மாதத் தொடக்கத்தில் 200 லிட்டர் மெத்தனால் இருந்தது, 400 லிட்டர் வாங்கினார், 450 லிட்டர் விற்றார் என்று வைத்துக்கொள்வோம். இருப்பு 150 இருக்க வேண்டும். அளந்தால் 130. மீதி 20 எங்கே?

"ஆவியாகிப் போய்விட்டது" என்று பதில் வரும். பொய் என்று உடனே சொல்லிவிட முடியாது. 20 டிகிரியில் தண்ணீரின் ஆவி அழுத்தம் 17.5 மில்லிமீட்டர் பாதரசம்தான். மெத்தனாலுக்கு அது சுமார் 97. ஐந்து மடங்குக்கு மேல்! எனவே கணக்குப் போட்டே பார்ப்போம். 200 லிட்டர் பீப்பாய் ஒன்றில் திரவமே இல்லை, முழுதும் மெத்தனால் ஆவிதான் நிறைந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். வெப்பநிலை 30 டிகிரி. அப்போது நிறைவுற்ற ஆவி அழுத்தம் சுமார் 164 மில்லிமீட்டர், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் 0.216 பங்கு. நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில் இட்டால் 1.7 மோல் வருகிறது. மெத்தனாலின் மூலக்கூறு எடை 32. ஆகவே சுமார் 56 கிராம். திரவமாக அளந்தால் 70 மில்லிலிட்டர். ஒரு தேநீர்க் குவளை அளவுகூட இல்லை! மூடியைத் திறந்து போட்டிருந்தாலொழிய, நல்ல மூடி போட்ட பீப்பாயிலிருந்து 20 லிட்டர் ஆவியாகாது. அந்த 20 லிட்டர் எங்கோ மனிதர்களிடம் போயிருக்கிறது. முப்பது மில்லிலிட்டர் ஓர் உயிருக்குச் சமம் என்றோமே, இருபது லிட்டரில் எத்தனை முப்பது என்று வகுத்துப் பாருங்கள்.

பதிவேடும் லேபிளும் ஒரே இடத்தில்தான் தோற்கின்றன. ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்துக்கு ஊற்றும் அந்த ஒரு நிமிடத்தில். திரவம் போகிறது, பெயர் பழைய கலத்திலேயே தங்கிவிடுகிறது. எங்கள் பட்டறைப் புட்டியில் நடந்ததும் அதுவே, கருணாபுரத்துப் பையில் நடந்ததும் அதுவே.

பெயரைக் கலத்தில் எழுதாமல் பொருளிலேயே எழுதிவிட்டால்? அப்படியும் செய்திருக்கிறார்கள். சமையல் எரிவாயுவுக்கு இயற்கையில் நாற்றம் கிடையாது. மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சிறிது கலக்கிறார்கள். அது மூக்குக்கு எழுதிய லேபிள். 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மணமற்ற எரிவாயு கசிந்து வெடித்து, மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் மாண்ட பிறகே அந்தப் பழக்கம் சட்டமானது. நியாயவிலைக் கடை மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் கலந்தது கண்ணுக்கான லேபிள். 1958-இல் ஸ்காட்லாந்தில், மயக்க மருந்து ஆராய்ச்சியின்போது தற்செயலாகக் கிடைத்த டினடோனியம் என்ற பொருள் பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலே நாக்கைச் சுருட்டும் கசப்பு. கூலண்ட் போன்றவற்றில் சில நாடுகளில் இதைச் சேர்க்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழி கண்டது. முன்கண்ணாடி கழுவும் திரவத்தில் எடைக்கு 0.6 சதவீதமோ அதற்கு மேலோ மெத்தனால் இருந்தால் பொது மக்களுக்கு விற்கக் கூடாது என்று 2019 மே மாதம் முதல் தடுத்துவிட்டது.

லேபிள் பொய் சொன்ன கதையும் உண்டு. 2016 டிசம்பரில் ரஷ்யாவின் இர்க்குட்ஸ்க் நகரில், குளியலுக்கான வாசனைத் திரவம் ஒன்றைச் சாராயத்துக்குப் பதிலாகக் குடித்து 70-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். புட்டியில் எழுதியிருந்தது எத்தனால். போலியாகச் செய்த அந்தத் திரவத்தில் இருந்தது மெத்தனால். குடிக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதே சீட்டில் இருந்தது. ஏழைகள் அதை விலைக்காகக் குடித்தார்கள். கருணாபுரத்துக் கூலிக்காரர்களின் நிலையும் வேறல்ல.

யாராவது இப்படி எதையேனும் குடித்துவிட்டதாகத் தெரிந்தால், அறிகுறி தோன்றும்வரை காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போது புட்டியையோ பையையோ கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் 1995 முதல் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் எண் 1800 116 117. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிக் கேட்கலாம்.

மறுவாரம் வண்டியை எடுக்கப் போனபோது அந்தத் தம்பி பெருமையோடு ஒரு புட்டியைக் காட்டினார். குடிநீர்ச் சீட்டை உரித்துவிட்டு, தடித்த பேனாவால் "தின்னர் – விஷம்" என்று எழுதியிருந்தாராம். நான் பார்த்தபோது "தி" மட்டும் இருந்தது. மற்றது கரைந்து வழிந்து ஒரு கறுப்புத் திட்டாகிவிட்டது. பேனா மையே ஆல்கஹால் போன்ற கரைப்பானில் கரைந்துதானே உள்ளே இருக்கிறது, தின்னர் சிந்தினால் கரையாமல் என்ன செய்யும்?

"இப்ப என்ன சார் பண்றது?" என்றார்.

எங்கள் சோதனைச்சாலையில் செய்வதைச் சொன்னேன். தாளில் பென்சிலால் எழுத வேண்டும். பென்சிலில் இருப்பது கிராஃபைட், அது தின்னரிலும் கரையாது, மெத்தனாலிலும் கரையாது. கண்ணாடிப் புட்டியிலோ தகரக் குப்பியிலோ கட்டித் தொங்கவிட வேண்டும். தண்ணீர்ப் புட்டி வேண்டவே வேண்டாம். பக்கத்துக் கடையில் ஓடிப்போய் இரண்டு ரூபாய்க்கு ஒரு துண்டுப் பென்சில் கேட்டு வாங்கி வந்தார். மண்டையோடு வரைய மட்டும் அவருக்கு வரவில்லை. அதை நான் வரைந்து கொடுத்தேன்.